ஆடுகளிலிருந்து தொடங்கலாம்

"ஃபேன்டசி, அறிபுனை வகையில் நல்லதாக ஒன்று கொடுங்கள்" என்று நண்பர் ஒருவர் கேட்டபோது, யோசிக்காமல் ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலை எடுத்துக் கொடுத்தேன். 1965இல் வந்த அந்தப் புத்தகம் எனக்கு உயிர். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பக்கம் மடித்த அடையாளம் 40ஐத் தாண்டவில்லை. "கடைசியில் இருக்கும் சொற்பட்டியலைப் புரட்டிப் புரட்டியே அலுத்துவிட்டது" என்றார். அவர் மேல் குற்றமில்லை. நீச்சல் தெரியாதவரை நடுக்கடலில் இறக்கிவிட்டது நான்தான்.

அதற்குப் பிறகு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். போர், அரியணை, விண்கலம் எல்லாம் இருக்கட்டும். அந்த உலகத்தில் யாராவது ஒரு சின்ன வேலையைச் செய்வதைக் கண்ணால் பார்க்க முடிகிறதா? முடிந்தால் புதியவருக்குக் கொடுக்கலாம்.

உர்சுலா கே. லெ க்வின் 1968இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ஆடு மேய்க்கிறான். ஆட்டை அழைக்கத் தன் தாயின் சகோதரி கூவிய சொற்களை முந்தின நாள் கேட்டிருக்கிறான். பொருள் தெரியாமலே அவற்றை உரக்கச் சொல்கிறான். ஆடுகள் வருகின்றன, சத்தமே இல்லாமல், எல்லாம் ஒன்றாக. சிரித்துக்கொண்டே மறுபடி சொல்கிறான், இன்னும் நெருங்குகின்றன. கொம்பும் மயிருமாக அவனைச் சூழ்ந்துகொண்டு விடுவதாக இல்லை. அந்த மந்தைக்கு நடுவிலேயே அழுதபடி ஊருக்குள் ஓடி வருகிறான். அவிழ்க்கத் தெரியாத முடிச்சைப் போட்டுவிட்டான், அவ்வளவுதான். பின்னால் செருக்கில் அவன் செய்யும் பெரும் பிழையும் இதே முடிச்சுதான். சிறுவர் நாவல் என்று இதை ஒதுக்குகிறவர்களோடு நான் வாதாடுவதில்லை.

அதே லெ க்வின் 1969இல் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' பொறுமை கேட்கும். முதல் பாதியில் அரண்மனை அரசியல் நீண்டுகொண்டே போகும்; நானே ஒருமுறை பாதியில் மூடி வைத்தவன். ஆனால் பனிப்பாலைக்கு வந்துவிட்டால் கீழே வைக்க மனம் வராது. ஒருவரை ஒருவர் சரியாக நம்பாத இரண்டு பேர், ஒரு சறுக்குவண்டி, அளந்து உண்ணும் ரேஷன், சின்ன அடுப்பு ஒன்று, ஏறத்தாழ 80 நாள் இழுவை. நாட்டுக்கு நாடு, கோளுக்குக் கோள் நட்பு எப்படி உண்டாகும் என்ற கேள்விக்கு நாவல் தேடும் விடை அந்தக் கூடாரத்துக்குள் கிடைக்கிறது.

கதை நடக்கும் கோளின் மக்கள் நிலையாக ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. ஆங்கில மூலம் எல்லோரையும் 'ஹீ' என்றே குறிப்பதால் மனத்தில் ஆண்கள்தான் நடமாடுகிறார்கள் என்பது பழைய புகார். லெ க்வினே பிற்பாடு அதை ஒப்புக்கொண்டார். எனக்கு ஒரு வழி கிடைத்தது: ஒவ்வொரு 'ஹீ'யையும் மனத்துக்குள் 'அவர்' என்று மாற்றிக்கொண்டே படித்தேன். பாதிச் சிக்கல் தீர்ந்தது! தமிழில் படிக்கப் பிறந்த நாவல் இது என்று அன்று தோன்றியது.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) சின்னப் புத்தகம். சிலைகள் நிறைந்த முடிவில்லாத மண்டபங்கள், கீழ்த்தளத்தில் கடல், மேல்தளத்தில் மேகம். அங்கே வாழ்பவன் கூடு கட்ட வந்த அல்பட்ராஸ் பறவைகளுக்கு, தான் எரிப்பதற்கு உலர்த்தி வைத்திருந்த கடற்பாசியை அள்ளிக் கொடுக்கிறான். சில நாள் தான் குளிரில் கிடக்க வேண்டும் என்று தெரிந்தே கொடுக்கிறான். அந்தப் பக்கத்துக்குப் பிறகு அவனுக்கு யார் தீங்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வந்தது. பின்னட்டையைப் படிக்காதீர்கள், மர்மம் மெல்ல அவிழ்வதில்தான் சுவை.

கடைசியாக ஸ்தானிஸ்வாஃப் லெம்மின் 'சோலாரிஸ்' (1961). நாயகனின் இறந்துபோன மனைவி விண்நிலையத்தில் வந்து நிற்கிறாள். அவள் உடையைக் கழற்றப் போனால் பொத்தான்கள் வெறும் அலங்காரம், திறப்பே இல்லை, வெட்டித்தான் கழற்ற வேண்டியிருக்கிறது. அவளை உருவாக்கியது எதுவோ, அதற்கு உடை என்றால் என்னவென்று தெரியாது! எந்தப் பேய்க்கதையும் என்னை இப்படி நடுங்க வைத்ததில்லை. நடுவில் சோலாரிஸ் என்ற கோளின் கடலை ஆராய்ந்தவர்களின் வரலாறு பல பக்கம் ஓடும். முதல் வாசிப்பில் வேகமாகத் தாண்டினாலும் பாவமில்லை. வாங்கும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரைப் பாருங்கள். 1970இல் வந்த ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு வழியாக வந்தது, லெம்முக்கே அது பிடிக்கவில்லை. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்தது 2011இல்தான் வந்தது.

டியூனைத் திருப்பிக் கொடுத்த நண்பர் இப்போது எர்த்ஸீ வரிசையில் மூன்றாவது நாவலில் இருக்கிறார். டியூனை மறுபடி கேட்டார். சொற்பட்டியல் இருக்கும் பக்கங்களை ஒரு கிளிப் போட்டு மூடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.