நேரடி விமானம் என்று சொல்லி 27,850 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: காரைக்குடிக்காரர்கள் கவனம்

27,850 ரூபாய். போய் பன்னிரண்டு நாளாகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவராவது தப்பிக்கட்டும்.

சிங்கப்பூரில் தங்கச்சிக்குப் பிரசவம். எங்கள் ஆத்தாவுக்கு 71 வயது, முட்டிவலி வேறு. தனியாகப் போகவேண்டும் என்பதால் நேரடி விமானம் மட்டும்தான் வேண்டும் என்று காரைக்குடியில் ஒரு டிக்கெட் புக்கிங் கடையில் மூன்று தடவை சொன்னேன். "திருச்சியில ஏறினா சிங்கப்பூர்லதான்ணே இறங்கணும், நாலு மணி நேரம்" என்றவர், காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் 'டைரக்ட், 4 மணி' என்று எழுதி வட்டமும் போட்டுக் கொடுத்தார். போக வர 27,850. அங்கேயே கட்டினேன்.

வாட்ஸப்பில் இரண்டே வரி வந்தது. திருச்சியில் புறப்பாடு இரவு 8.10, சிங்கப்பூர் சேர்வது காலை 7.25. நாலு மணி நேரம் என்றீர்களே என்று கேட்டேன். "அது சிங்கப்பூர் நேரம்ணே, அங்க கடிகாரம் முன்னாடி ஓடும்" என்றார். அந்தப் பதிலைத்தான் நம்பினேன். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம்தான் முன்னால். அதைக் கழித்தாலும் எட்டே முக்கால் மணி நேரம் வருகிறது. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், நேராகப் பறந்தால் நாலு மணி நேரம் சொச்சம். மீதி நேரம் எங்கே போனது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

கிளம்பும் நாளன்றுதான் கவரைக் கொடுத்தார். உள்ளே இரண்டு தாள் இருந்தது. ஒன்று போக, ஒன்று வர என்று நினைத்துவிட்டேன். திருமயம், புதுக்கோட்டை வழியாகக் காரில் திருச்சி போய்ச் சேர்ந்தால், விமான நிலைய வாசலில் டிக்கெட்டைப் பார்த்த காவலர் "சென்னையா?" என்றார். "சிங்கப்பூர்" என்றேன். தாளை என் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார். திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம், அங்கிருந்து வேறு கம்பெனி விமானம், இரண்டுக்கும் தனித்தனி பி.என்.ஆர்., அதாவது தனித்தனி முன்பதிவு எண். சென்னையில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, பன்னாட்டு முனையத்துக்குப் போய், நடுராத்திரியில் மறுபடி செக்-இன் செய்யவேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாது. சீப்புச் சீடை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஆத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்ப மனசு வரவில்லை, திரும்பிவிட்டோம்.

மறுநாள் கடைக்குப் போனேன். "வெப்சைட்காரங்கதான் தரணும்ணே." அப்புறம், "நீங்க ஏறலைல்ல, நோ-ஷோ ஆயிருச்சு." அதற்கும் அப்புறம், "மெயில் போட்டிருக்கேன்." காலண்டர் தாளை நீட்டினால், "டைரக்ட்னா ஒரே நாள்ல போறதுண்ணே" என்கிறார்! 27,850 ரூபாய் வாங்கும்போது டீ வாங்கிக் கொடுத்தவர், இப்போது உட்காரக்கூடச் சொல்வதில்லை.

ஆத்தாவை மூன்றாம் நாள் விமானக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் வேறு டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டேன்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. 'டைரக்ட்' என்று கேட்காதீர்கள், நடுவில் எங்கும் இறங்காத 'நான்-ஸ்டாப்' என்று கேளுங்கள். முழு டிக்கெட்டையும் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பி.என்.ஆர். எத்தனை என்று எண்ணுங்கள். நேர வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள்.

இதை எழுதும்போதே அவரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது: "திங்கட்கிழமை பாப்போம்ணே." போன திங்கட்கிழமையும் இதையேதான் சொன்னார்.