பழைய காருக்கு டேம்பிங் ஷீட்: எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

ஒரு பக்கம் கறுப்புப் பியூட்டைல் ரப்பரும் மறுபக்கம் மெல்லிய அலுமினியத் தாளும் கொண்ட, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள டேம்பிங் ஷீட்டை, 1960களின் வடிவமைப்பில் உருவான என் காரின் தளம், கதவுகள், கூரை ஆகியவற்றில் நானே ஒட்டி முடித்திருக்கிறேன். இரைச்சலையும் வெப்பத்தையும் சேர்த்தே அடக்கும் என்று சொல்லித்தான் இதைப் பெரும்பாலும் விற்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் வாக்குறுதி பாதிதான் நிறைவேறியது. இரண்டாவது நிறைவேறவே இல்லை. ஆயினும் இதை நல்ல பொருள் என்றே சொல்வேன், அதற்குரிய வேலையை மட்டும் அதனிடம் கொடுத்தால்.

அந்த வேலை தகரத்தின் அதிர்வை அடக்குவது. எஞ்சினும் சாலையும் தரும் நடுக்கத்தில் தளத்தின் தகரம் பறை போல அதிரும்போது, தகரத்துக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவே சிக்கிய பியூட்டைல் அங்குமிங்கும் இழுபட்டு, அந்த அதிர்வின் ஆற்றலை மிகச் சிறிய அளவு வெப்பமாக மாற்றிவிடுகிறது. டயர் டியூபுக்குப் பயன்படும் அதே வகை ரப்பர்தான் இது. ஒட்டுவதற்கு முன் விரல் முட்டியால் தட்டியபோது ‘டங்’ என்று நீண்டு ஒலித்த தளம், ஒட்டிய பின் ‘டொப்’ என்று அடங்கிவிட்டது. ஓட்டுநர் பக்கத் தளம் முழுவதையும் மூடிவிட்டு, மறுபக்கத்தில் ஒவ்வொரு தகரப் பரப்பின் நடுப்பகுதியில் மட்டும், பாதிக்கும் குறைவாகவே ஒட்டிப் பார்த்தேன். இரண்டையும் மாறி மாறித் தட்டியும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பரப்பில் கால் பங்கிலிருந்து பாதி வரை போதும்; அதற்கு மேல் ஒட்டுவது எடையைத்தான் கூட்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய சுருள் பியூட்டைல் என்ற பெயரில் விற்கப்பட்ட தார் ஷீட். வெயிலில் நின்ற காரைத் திறந்தால் புதிதாகத் தார் போட்ட சாலையின் வாடை முகத்தில் அடித்தது. இரண்டு வாரங்களுக்குள் கூரையில் ஒட்டியது இளகித் தொங்கியது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு முழு நாள் ஆயிற்று. ஓரத்தில் சிறிது கிள்ளி இழுத்துப் பார்த்தால் பியூட்டைல் நூலாக நீளும். தார் பெரும்பாலும் நீளாமல் அறுந்துவிடும்.

இனி வெப்பம். அலுமினியத் தாளைப் பார்த்ததும் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் என்று நினைக்கத் தோன்றும். கதிராக வரும் வெப்பத்தை அலுமினியம் திருப்பும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு அதன் முன்னே காற்றிடைவெளி இருக்க வேண்டும். தகரத்தோடு ஒட்டி, மேலே கார்ப்பெட் அழுத்திக் கிடக்கும் அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் உலோகம் மட்டுமே. ஷீட் ஒட்டிய பிறகும் அரை மணி நேரப் பயணத்தில் கியர்பாக்ஸ் மேட்டை ஒட்டிய கால் முன்பு போலவே சுட்டது. அதைக் குறைத்தவை வேறு இரண்டு பொருள்கள். ஒன்று, ஷீட்டின் மேல் விரித்த 6 மில்லிமீட்டர் ஃபோம். அதன் நுண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியிருப்பதால் அது நீரைக் குடிக்காது. பழைய கார்களில் விரித்திருக்கும் சணல் ஃபெல்ட் நீரை உறிஞ்சித் தளத்தையே துருப்பிடிக்க வைத்துவிடும் என்பதை, என் காரின் கார்ப்பெட்டைத் தூக்கிய அன்றே கண்ணால் பார்த்தேன். மற்றொன்று, எக்ஸாஸ்ட் குழாய்க்கும் தளத்துக்கும் நடுவே, இரண்டிலும் படாமல் ஒரு விரல் இடைவெளியில் பொருத்திய அலுமினியத் தகடு. அலுமினியம் தன் வேலையைச் செய்யும் இடம் அதுதான்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றத்தைத் தந்தது மிகச் சாதாரணமான ஒரு வேலை. ஓர் இரவு எஞ்சினை அணைத்து, எஞ்சின் அறைக்குள் ஒரு விளக்கை வைத்து பானட்டைச் சாத்திவிட்டு, இருட்டில் டேஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு நிலாப் பிறை போலவும், கிளட்ச் பெடலைச் சுற்றி ஒரு வளையமாகவும், எப்போதோ ஒயர் சென்று இப்போது காலியாகிவிட்ட ஒரு துளையில் நட்சத்திரம் போலவும் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் நுழையும் வழியில் சத்தமும் சூடான காற்றும் நுழையும். ஒரு தடுப்பின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்தத் தடுப்பு எவ்வளவு கனமானதாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைக் குறைக்க முடியாது. கனமான வினைல் விரிப்புக்கும் இதே விதிதான். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள அந்த விரிப்பு காற்றுவழி வரும் இரைச்சலைத் தடுப்பதில் டேம்பிங் ஷீட்டை விட மேலானது. ஆனால் இடைவெளியில்லாமல் விரித்தால்தான் அதன் பலன் கிடைக்கும். கேபிளும் ஒயரும் நுழையும் துளைகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான குரோமெட்டுகளையும், பெடல் ரப்பரையும், கதவு பீடிங்கையும் புதிதாக மாற்றிய பிறகுதான் பின் சீட்டில் இருப்பவர் குரலை உயர்த்தாமல் பேசுவது எனக்குக் கேட்டது.

இந்தத் துளைகள் வழியே எக்ஸாஸ்ட் புகையும், அதிலுள்ள நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரக்கூடும் என்பதால், இதை நான் வசதிக்கான வேலையாக மட்டும் கருதவில்லை. எக்ஸாஸ்ட் கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்தே ஆக வேண்டும். பழைய கார்களின் வெப்பத் தடுப்பு அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகமிருந்தால் சுரண்டவோ கிழிக்கவோ கூடாது, தெரிந்தவரிடம் விட்டுவிட வேண்டும்.

ஒட்டும் முறையில் அதிகம் சொல்வதற்கில்லை. துருவை நீக்கிப் பெயின்ட் அடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த தகரத்தில், சிறு ரோலரால் அலுமினியத்தின் மேலுள்ள புடைப்பு மறையும் வரை அழுத்த வேண்டும். அலுமினிய ஓரம் கையைக் கத்தி போல அறுக்கும், கையுறை அவசியம். கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்றாவது கியரில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அடிவயிற்றில் உணரக்கூடிய ஓர் உறுமல் மிஞ்சியிருக்கிறது. அது எஞ்சினைத் தாங்கி நிற்கும், இப்போது இறுகிப்போன மவுண்டிங் ரப்பர் வழியாக உடற்கூட்டுக்கு வருவது. எத்தனை ஷீட் ஒட்டினாலும் போகாது. எனவே மிச்சமுள்ள அரைச் சுருளைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்ததாக மவுண்டிங்கை மாற்றக் காரை மெக்கானிக்கிடம் விடுகிறேன்.