எத்தனை மைக்ரான்? இரும்புத் தூணின் தீக்காப்புப் பூச்சுக்கு மூன்று வழிகள்

மலேசியாவின் பினாங்கில், பிறையிலோ பாயான் லெப்பாசிலோ தொழிற்சாலை கட்டும்போது, இரும்புத் தூணுக்கான தீக்காப்பு பெயின்ட் பற்றிப் பேச்சு வந்தாலே முதல் கேள்வி “எத்தனை மைக்ரான்?” என்பதுதான், அதாவது மி.மீ.-யில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில் எவ்வளவு தடிமன் என்று. “எந்தத் தூணுக்கு?” என்று திருப்பிக் கேட்டால் குத்தகையாளருக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் அது தெரியாமல் எண் சொல்லவே முடியாது.

எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன் என்பது ஒரு வழி. விலை போடச் சுலபம், அடிக்கிறவருக்கும் குழப்பமில்லை. அதன் பெருமை அவ்வளவுதான். 203×203 மி.மீ. அளவில் இரண்டு தூண்களை எடுத்துக்கொள்வோம்: ஒன்று மீட்டருக்கு 46 கிலோ, இன்னொன்று 86 கிலோ. தள்ளி நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். கிட்டப் போய் விளிம்புத் தகட்டைப் பிடித்துப் பார்த்தால் ஒன்று 11 மி.மீ., மற்றது 20.5 மி.மீ. நெருப்பு படும் சுற்றளவை வெட்டுப் பரப்பால் வகுத்தால் வருவது செக்‌ஷன் ஃபேக்டர். நாலு பக்கமும் தீ சூழ்ந்தால் முதல் தூணுக்கு அது ஏறக்குறைய 205, இரண்டாவதற்கு 115. எண் கூடக் கூட இரும்பு சீக்கிரம் சூடேறும், பூச்சும் கூடுதலாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே தடிமன் அடித்தால் ஒன்று காசு வீண், இல்லையென்றால் மெல்லிய தூண் பலி.

அடுத்தது, தயாரிப்பாளரின் அட்டவணை. எந்த செக்‌ஷன் ஃபேக்டருக்கு, எத்தனை நிமிடம் தாங்க எவ்வளவு தடிமன் என்று உலையில் சோதித்துப் பெற்ற எண்கள் இவை. எத்தனை நிமிடம் தாங்க வேண்டும் என்பதைக் கட்டடத்தின் பயன்பாட்டையும் அளவையும் வைத்து மலேசியாவின் ஒரே சீரான கட்டட விதிகளான 1984 யுபிபிஎல்-இன் ஒன்பதாவது அட்டவணை சொல்லும். ஒரு பிராண்டின் அட்டவணையை வைத்து இன்னொரு பிராண்டை அடிக்கக் கூடாது. பொம்பா (தீயணைப்புத் துறை) ஏற்ற பெயின்ட்தானா என்றும் பார்க்க வேண்டும்.

இங்கே சறுக்குவது பெரும்பாலும் பக்கக் கணக்கில்தான். 406×178 மி.மீ., மீட்டருக்கு 60 கிலோ பீமுக்கு நாலு பக்கமும் தீ என்றால் செக்‌ஷன் ஃபேக்டர் 195. மேலே கான்கிரீட் தளம் உட்கார்ந்து மூன்று பக்கம் மட்டும் என்றால் 170. அதையே பலகையால் பெட்டிபோல மூடினால் 130. குழாய், சதுரப் பெட்டி வகை இரும்புக்கு அட்டவணையே வேறு.

மூன்றாவது வழி கணக்கு. இரும்பு எத்தனை டிகிரி செல்சியஸ் வரை சூடேறினாலும் தாங்கும் என்பதற்கு, பல அட்டவணைகள் தூணுக்கு 550, தளம் தாங்கும் பீமுக்கு 620 என்று வைத்துக்கொள்கின்றன. தீயில் இரும்புக் கட்டமைப்புக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1993-1-2 தரும் சூத்திரமோ சுமையைக் கேட்கிறது. தீ நேரத்தில் தன் திறனில் 40 விழுக்காடு மட்டுமே சுமக்கும் பீம் சுமார் 620 டிகிரி வரை தாங்கும். 60 என்றால் 554. 80 என்றால் 500-க்கும் கீழே இறங்கிவிடும். கணக்குப் போடுவது பெயின்ட் மிச்சம் பிடிக்கத்தான் என்று நினைப்பவர்கள் அந்தக் கடைசி எண்ணைப் பார்க்க வேண்டும். ஆனால், நொடிந்து சாயக்கூடிய நெடிய தூணுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது, அதைப் பொறியாளர் தனியாகப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், சாதாரணக் கட்டடத்துக்கு அட்டவணையே போதும். சுமை எவ்வளவு என்று மட்டும் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள், அட்டவணை வைத்திருக்கும் டிகிரி வரை அந்தச் சுமையோடு தாங்காது என்றால் கணக்குக்குப் போய்விடலாம். ஒரே தடிமனை நான் பரிந்துரைக்க மாட்டேன், மிக மோசமான தூணுக்கு ஏற்ற தடிமனை எல்லாவற்றுக்கும் அடிக்க உரிமையாளர் காசோடு தயாராக இருந்தால் தவிர.

பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு: பூச்சைக் கூட்டுவதற்குப் பதில் இரும்பைக் கூட்டுவது. அந்த 46 கிலோ தூணை 60 கிலோவுக்கு மாற்றினாலே 205 என்பது 160 அளவுக்கு இறங்கும். இரண்டு மணி நேரம் தாங்க வேண்டிய மெல்லிய தூணுக்குக் கோட் மேல் கோட் அடித்து, பினாங்கின் அக்டோபர் மழையில் ஒவ்வொன்றும் காயக் காத்திருப்பதைவிட இது மலிவாக முடியலாம். கூரைப் பலகைக்கு மேலே கண்ணில் படாத பீம் என்றால் வெர்மிகுலைட் என்னும் கனிமக் கலவைத் தெளிப்பு இன்னும் மலிவு, மி.மீ. கணக்கில் தடிமனாக வரும், அழகு கேட்காதீர்கள்.

எந்த வழியில் வந்த எண்ணானாலும் காய்ந்த பிறகு அளக்க வேண்டும், பிரைமர் தடிமனைக் கழித்து. கைக்கு எட்டும் உயரத்தில் மட்டும் அளந்து கையெழுத்துப் போடாதீர்கள், மேலே ஏணி போட்டு அடித்த இடத்தில்தான் பெயின்ட் மெலியும்.