கரவன் இழுக்க எந்த டபுள் கேப்? இறம்பொடை இறக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு கரவனை (பின்னால் கொழுவி இழுக்கும் சக்கர வீடு) கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்றைய டீசல் டபுள் கேப் எதற்கும் பெரிய வேலையில்லை. டர்போ இருப்பதால் மேலே காற்று மெலிந்தாலும் இழுவை அவ்வளவாகக் குறையாது. கஷ்டம் திரும்பி வரும்போதுதான். வண்டி, ஆட்கள், 1,500 கிலோ கரவன் எல்லாம் சேர்த்து 3,800 கிலோ என்று வையுங்கள். லபுக்கலை, இறம்பொடை, புசல்லாவ வழியாகக் கம்பளைக்கு வருவதற்குள் ஏறக்குறைய 1,400 மீற்றர் இறங்கிவிடுகிறோம். அத்தனையையும் பிரேக்கே தாங்கினால், 150 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு டிஸ்க்கிலும் ட்ரம்மிலும் ஏறும். ஆகவே விற்பவர் குதிரைவலுக் கணக்குச் சொல்லும்போது தலையாட்டிவிட்டு, கியரையும் பிரேக்கையும் பாருங்கள்.

இந்த எடைக்கு நமது முதல் தெரிவு இசுசு டி-மெக்ஸ் 3.0, மெனுவல் கியர். 2012க்குப் பிந்திய 4ஜேஜே1 எஞ்சினில் 380 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை, அதுவும் நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே கிடைக்கிறது. டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். எல்ஃப் லொறியில் வருவதும் இதே குடும்பத்து எஞ்சின் என்பதால் மரக்கறி லொறி பார்க்கும் கராஜ் எதற்கும் இது புதிதில்லை. குறை சொல்வதென்றால் சத்தம் அதிகம். வெறும் வண்டியாக ஓட்டினால் பின் ஸ்பிரிங் முதுகைப் பதம் பார்க்கும். 1.9 லீட்டர் டி-மெக்ஸ், கரவன் ஒரு தொன்னுக்குள் என்றால் போதும்.

பணம் தடையில்லை என்றால் 2015க்குப் பின் வந்த ஹைலக்ஸ் 2.8 ஓட்டோ. 450 நியூட்டன் மீற்றர். 2020 திருத்தத்துக்குப் பின் 500. டீ.பீ.எஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) பொருத்திய வண்டியா என்று கேட்டு வாங்குங்கள். தோட்டத்துக்கும் கடைக்கும் மெதுவாகவே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். ஒன்று, ஹைலக்ஸ் என்ற பெயருக்கே இங்கே தனி விலை உண்டு. அதை இழுவைக்கான விலை என்று நினைத்துவிடாதீர்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திறந்தது. அதனால் கைமாறுவதில் பழைய ஹைலக்ஸ் 3.0 நிறைய. அந்த 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டருக்கு அடியில் ஒரு சிறிய செப்பு வளையம் இருக்கிறது. அது கசிந்தால் எரிந்த வாயு ஒயிலோடு கலக்கும், ஒயில் தார் மாதிரிக் கெட்டியாகும், சம்புக்குள் (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தட்டு) இருக்கும் ஒயில் உறிஞ்சும் வலை அடைபடும். டேஷ்போர்டில் ஒயில் விளக்கு எரியும்போது எஞ்சின் பாதி போயிருக்கும். பார்க்கும் முறை: காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய், உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கடகடவென்று தட்டும் சத்தம் கேட்டால் இன்ஜெக்டரில் சந்தேகம். பிறகு ஒயில் மூடியைத் திறந்து உள்பக்கம் விரலால் தேயுங்கள். கட்டிக் கரி வந்தால் சம்பைக் கழற்றி வலையைக் காட்டாமல் விலை பேச வேண்டாம். 100,000 கிலோமீற்றர் தாண்டியிருந்தால் டைமிங் பெல்ட் மாற்றிய பில்லையும் கேளுங்கள்.

மிட்சுபிஷி எல்200 வாங்குவதென்றால் 2.4 லீட்டர் 4என்15. பழைய 2.5இல் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் பெலன்சர் பெல்ட் என்று இன்னொன்று ஒளிந்திருக்கிறது. அது அறுந்தால் பெரியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். சூப்பர் செலக்ட் உள்ள எல்200இல் தார் வீதியிலேயே நான்கு சக்கரத்தையும் ஓட்டலாம். பனிமூட்டத்தில் நனைந்த இந்த ஏ5 வீதிக்கு அது பெரிய வசதி. ஹைலக்ஸிலும் டி-மெக்ஸிலும் காய்ந்த தாரில் அப்படிச் செய்தால் கியர் பெட்டி இறுகிக்கொள்ளும். நிசான் நவாரா டி40 என்றால் டைமிங் செயின், செசி துரு இரண்டையும் பார்க்காமல் கிட்டே போக வேண்டாம்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மெனுவலில் அது பெரும்பாலும் இரண்டாவது. அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜெக்டர் டீசலை நிறுத்திவிடும்; 3,000 சுற்றில் எஞ்சின் கத்தினாலும் கெடாது. ஓட்டோ கியரை ‘D’யில் விட்டால் தானாக மேல் கியருக்குப் போய்விடும், கையால் பிடித்து வையுங்கள். பிரேக்கை ஓயாமல் தேய்க்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுவதும் விடுங்கள். பிரேக் ஒயில் டொட் 4ஆக இருக்கட்டும். புதிதில் 230 பாகையில் கொதிப்பது, ஈரம் குடித்தபின் 155இலேயே கொதிக்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது அப்போதுதான். இந்த ஈரக் குளிரில் இரண்டு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

தனக்கென்று பிரேக் இல்லாத கரவன் 750 கிலோவைத் தாண்டக் கூடாது. கொக்கியில் இறங்கும் பாரம் கரவன் எடையில் பத்தில் ஒன்று, 1,500க்கு 150 கிலோ. குறைந்தால் வால் ஆடும். கூடினால் முன் சக்கரம் லேசாகி வளைவில் ஸ்டியரிங் கேட்காது. தண்ணீர்த் தாங்கியைப் பின்பக்கம் நிரப்பினாலே இந்தக் கணக்கு மாறிவிடும்.

புசல்லாவையில் நிறுத்தி, கரவனின் இரண்டு சக்கர ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) கிட்டேயும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தப் பக்கம் பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது பெயரிங்கில் கிரீஸ் இல்லை. சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போடாமல் ஆற விடுங்கள். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், ட்ரம்மில் விரிசல் விழுந்துவிடும்.