நர்சரி டீச்சர் டிப்ளமா என்று 48,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள் – டெல்லியில் இருப்பவர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று வீட்டில் சொல்வதற்கு நானும் தலையாட்டிவிடுவேன். வேலை பார்த்துக்கொண்டே நர்சரி டீச்சர் டிப்ளமா படிக்கலாம் என்று சொல்லி, லக்ஷ்மி நகரில் ஒரு இன்ஸ்டிட்யூட் என்னிடம் 48,500 ரூபாய் வாங்கியிருக்கிறது. அவர்கள் கொடுத்த சர்டிபிகேட் எதற்கும் உதவாது என்று இன்று மதியம்தான் தெரிந்தது. பெயரைப் போட வேண்டாம் என்கிறார்கள், போடவில்லை. மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் சி.ஏ. கோச்சிங் போர்டுகளுக்கு நடுவே, குறுகலான மாடிப்படி ஏறினால் இரண்டு ரூம், ஒரு கண்ணாடிக் கதவு, அந்த ரகம். சேர்வதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் மயூர் விஹாரில் ஒரு ப்ளே ஸ்கூலில் ஹெல்பர். சம்பளம் 11,000. பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, சோறு ஊட்டுவது, மூக்குத் துடைப்பது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றவர்களுக்குக் கதை சொல்வது எல்லாம் நான்தான். ஆனால் டிப்ளமா இருப்பவர்தான் டீச்சர். சரி, நாமும் படித்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

கவுன்சலிங் என்று உட்கார்ந்திருந்த பையன் என் இந்தியைக் கேட்டதுமே, "அக்கா, நீங்க தமிழா? நமக்கு திருச்சிப் பக்கம்" என்றான். அங்கேதான் விழுந்தேன். ஊரை விட்டு வந்ததிலிருந்து ஆபீஸ், ஆஸ்பத்திரி, பேங்க் எங்கே போனாலும் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டியே பழகியவளுக்கு, ஒருத்தன் எதிரில் உட்கார்ந்து ஃபீஸ் விவரத்தைத் தமிழில் சொன்னால் எப்படி இருக்கும்! டீ வரவழைத்தான். புதிய கல்விக் கொள்கையில் 3 வயதிலிருந்தே படிப்பு என்று வந்துவிட்டது, இனி பால்வாடிகா என்கிற ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்புக்கெல்லாம் டிரெய்ன்டு டீச்சர்தான் வேண்டும் என்றான். 2020 கொள்கையில் 3 முதல் 8 வயது வரை ஒரே அடிப்படைக் கட்டமாக வைத்திருப்பது உண்மைதான். உண்மையை முன்னால் வைத்துத்தான் பொய்யைப் பின்னால் தள்ளுகிறார்கள்.

"நீங்க வேலையை விட வேண்டாம்க்கா. சனி ஞாயிறு வந்தா போதும். பிராக்டிகல் உங்க ஸ்கூல்லயே கணக்கு வெச்சுக்கலாம்." சுவரில் வரிசையாக ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். ஐ.எஸ்.ஓ. தரச் சர்டிபிகேட், எம்.எஸ்.எம்.இ. என்கிற சிறுதொழில் பதிவு, டிரஸ்ட் பதிவு. "எல்லாமே கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டுக்கா" என்றான். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு 3,500, கோர்ஸுக்கு 30,000, கடைசியில் எக்ஸாம், சர்டிபிகேட்டுக்கு என்று 15,000. மொத்தம் 48,500. நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

வகுப்பு கொஞ்ச நாள் நடந்தது. ஒரு மேடம் கைடைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். அப்புறம் மேடம் நின்றுவிட்டார், வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். மட்டும் வந்தது. டீச்சிங் எய்ட்ஸ் ஃபைல் வேண்டும் என்றார்களே என்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்து செய்தேன். உப்புத்தாளை எழுத்து எழுத்தாக வெட்டி அட்டையில் ஒட்டினேன், குழந்தை விரலால் தடவிப் பார்த்துக் கற்பதற்கு. பழைய சாக்ஸில் பொம்மை தைத்தேன். ஃபைலைக் கொடுத்தபடியே திருப்பிக் கொடுத்தார்கள். எந்தப் பக்கத்திலும் ஒரு டிக் கூட இல்லை, உள்ளே பட்டர் பேப்பர் மடிப்புக் கூடக் கலையவில்லை. ஆனால் மார்க் ஷீட்டில் பிராக்டிகல் 100-க்கு 94!

இன்று ஒரு பெரிய ஸ்கூலில் நர்சரி டீச்சர் இடத்துக்குப் போனேன். ஆபீஸில் இருந்த வயசான கிளார்க் என் சர்டிபிகேட்டையும் பயோடேட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சர்டிபிகேட்டில் செஷன் 2022–24. நான் சேர்ந்ததே 2024-ல். 2022-ல் நான் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், அது பயோடேட்டாவிலேயே இருக்கிறது. அவர் இரண்டு இடத்திலும் விரலை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "பேட்டா, இதை எங்கேயும் காட்டாதே, கேஸ் உன் மேலேதான் வரும்" என்றார்.

அவர்தான் விளக்கினார். நர்சரி டீச்சர் டிப்ளமா என்றால் என்.சி.டி.இ., அதாவது தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் விதிப்படி இரண்டு ஆண்டு, நேரில் போய்ப் படிக்க வேண்டும், நடத்துகிற நிறுவனத்துக்கு என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்க வேண்டும். டெல்லி அரசு நர்சரி வேலைக்கும் இரண்டு ஆண்டுக்குக் குறையாத பயிற்சி கேட்கிறார்கள். அதனால்தான் இந்த ஆட்கள் பழைய தேதி போட்டு ஒரு வருஷத்தை இரண்டாக்கிக் கொடுக்கிறார்கள். டிரஸ்ட் பதிவு என்றால் அப்படி ஒரு டிரஸ்ட் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எம்.எஸ்.எம்.இ. பதிவை மாவு மில் வைத்திருப்பவரும் வாங்கலாம்.

நேராக லக்ஷ்மி நகர் போனேன். யமுனா பேங்க் மெட்ரோ ஸ்டேஷனில் வண்டி மாறும்போதே என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ரிசப்ஷனில் "சார் மீட்டிங்கில் இருக்கிறார்". அப்புறம் "சார் வெளியூர்". அப்புறம் "திங்கட்கிழமை வாருங்கள்". நம் திருச்சித் தம்பி உள்ளேதான் இருந்தான், கண்ணாடிக் கதவில் தெரிந்தான். "தம்பி, என்னப்பா இது?" என்று தமிழில் கேட்டேன். அவன் இந்தியில் பதில் சொன்னான். "மேடம், ரசீதைப் படியுங்கள்." அக்கா போய் மேடம் வந்துவிட்டது.

ரசீதைப் படித்தேன். 48,500 ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது, மூன்று தாள். ஒன்றில் கூட ஃபீஸ் என்று இல்லை. டிரஸ்டுக்கு "நன்கொடை" என்று இந்தியில் அச்சடித்திருக்கிறார்கள், கீழே பொடி எழுத்தில் திருப்பித் தரப்படாது என்று. 11,000 சம்பளக்காரி முகம் தெரியாத டிரஸ்டுக்கு 48,500 நன்கொடை கொடுத்தாளாம்! நான் சத்தம் போட்டதும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். நல்லவேளை, அங்கே போவதற்கு முன்பே மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் பி.டி.எஃப்., வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. முக்கியமானது மட்டும். என்.சி.டி.இ. இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இல்லாமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். வேலையோடு படிக்க இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குழந்தைப் பருவக் கல்வி டிப்ளமா இருக்கிறது, ஆனால் நீங்கள் குறி வைத்திருக்கும் வேலைக்கு அதை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் அந்த ஸ்கூலில் கேளுங்கள். "பழைய செஷன் போட்டுத் தருகிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரசீதில் ஃபீஸ் என்று இருக்க வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குப் போடக் கட்டணம் கிடையாதாம், அதையும் பார்க்கப் போகிறேன். நாளை லீவு சொல்லிவிட்டு போலீஸ் ஸ்டேஷன். லக்ஷ்மி நகரில் இதே மாதிரி "நன்கொடை" ரசீது வாங்கிய தமிழர்கள் யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம். தனியாகப் போனால் அங்கேயும் திங்கட்கிழமை வரச் சொல்வார்கள்.