டாட்சன் 240இசட் காருக்கு நான்கு பிஸ்டன் காலிப்பர்: மதிப்புரை

1969-இல் அறிமுகமான டாட்சன் 240இசட் காரின் 2.4 லிட்டர் என்ஜின் இன்றும் சளைக்காமல் இழுத்தாலும், முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் கொண்ட அதன் பிரேக், மலைப்பாதை இறக்கத்தில் சூடேறியதும் தளர்ந்துவிடுவதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். அதனால், பழைய டொயோட்டா பிக்கப் வண்டியின் நான்கு பிஸ்டன் காலிப்பர்களை (பிஸ்டன்களால் பிரேக் பேடுகளைத் தள்ளி டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) முன்பக்கம் பொருத்தினேன். பழைய டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாம். அதன் பின்னாலுள்ள தகரக் காப்பை மட்டும் ஓரளவு வெட்ட வேண்டும்.

முதல் நாள் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. இடம், வலம் மாற்றிப் பொருத்தியதால் காற்று வெளியேற்றும் நிப்பிள் கீழ்ப்பக்கம் அமைந்து, மேலே காற்று தங்கிவிட்டிருந்தது. நிப்பிள் மேல்நோக்கி இருக்குமாறு திருத்தியதும் சரியாயிற்று. பெரிய பிஸ்டன்களுக்குக் கூடுதல் எண்ணெய் தேவைப்படுவதால் பெடல் முன்பைவிடச் சற்று ஆழமாகவே இறங்குகிறது. ஆகவே, பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் 7/8 அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதிலாக 15/16 அங்குலத்தையும் சேர்த்தே வாங்குவது நல்லது. பின் டிரம்முக்கும் அதனுள் உரசும் பிரேக் ஷூவுக்கும் உள்ள இடைவெளியையும் சரிசெய்யாமல் விடக் கூடாது.

இப்போது அதே இறக்கத்தில் கடைசி வளைவுவரை பெடல் உறுதி குலையாமல் நிற்கிறது. இந்தக் காரை நேசித்து ஓட்டுபவர்களுக்கு இம்மாற்றத்தை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.