ரேடியஸ் லைப்ரரி வாங்கப் போகிறீர்களா? முதலில் ‘கல்லடி’ என்று தட்டிப் பாருங்கள்

மட்டக்களப்பு நகரில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்திடம் ஓர் இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். வழக்கு இன்னும் தீரவில்லை என்பதால் பெயரை எழுதவில்லை. சரக்கைச் சொல்கிறேன், உங்கள் கையில் கிடைத்தால் அடையாளம் தெரியும்.

கல்லடி, பாசிக்குடா, அறுகம்பே விடுதிகளுக்கு வைஃபை அமைத்துக் கொடுப்பது என் தொழில். விருந்தினர் தட்டும் கடவுச்சொல்லைச் சேர்வரிடம் கேட்டுச் சரிபார்க்க ஒரு ரேடியஸ் லைப்ரரி தேவைப்பட்டது. ரேடியஸ் என்பது அந்தக் கேள்வி பதிலுக்கான பொது விதிமுறை; லைப்ரரி என்பது நம் நிரலுக்குள் பொருத்திக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுதி. “முதலிலிருந்து நாங்களே எழுதியது அண்ணன், எல்லாச் சோதனையும் பாஸ்” என்றார்கள். முழுப் பணத்தையும் முற்பணமாகக் கொடுத்தது என் மடத்தனம்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு கல்லடி விடுதிக்கார அக்கா, ஊழியர்களுக்கான கடவுச்சொல்லாக ஊர்ப் பெயரையே தமிழில் வைத்தார். ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. “ரவுட்டர் பழசு அண்ணன்” என்றார்கள், புதிது வாங்கினேன். “மின்சாரம் போய்ப் போய் வருகிறதல்லவா” என்றார்கள்; யுபிஎஸ் வாங்கினேன். அக்காவின் கண்ணில் பொய்யன் நான்தான்.

கடைசியில் ஓர் இரவு, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் ஃப்ரீரேடியஸ் என்ற சேர்வர் மென்பொருளைப் பிழைதேடும் நிலையில் ஓடவிட்டு, வந்து சேரும் கடவுச்சொல்லைப் பார்த்தேன். ‘கல்லட’ வரை சுத்தமாக வந்திருந்தது. ‘டி’க்கு விசிறிக் குறி (ி) இருக்க வேண்டிய இடத்தில் குப்பை.

ரேடியஸ் கடவுச்சொல்லை 16 பைட் துண்டுகளாக மறைத்து அனுப்புகிறது. முதல் துண்டை மறைக்க, இரு பக்கமும் அறிந்த இரகசியச் சொல்லையும் கோரிக்கையோடு போகும் 16 பைட் தற்செயல் எண்ணையும் சேர்த்து எம்டி5 (எதைக் கொடுத்தாலும் 16 பைட்டாகக் கலக்கித் தரும் கணக்கு) எடுத்து, அதோடு துண்டைக் கலக்க வேண்டும். இரண்டாவது துண்டுக்கு அந்த எண்ணின் இடத்தில், மறைத்து முடித்த முதல் துண்டு வர வேண்டும். 2000ஆம் ஆண்டில் வந்த, ரேடியஸின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 2865 என்ற ஆவணம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது. இவர்களோ இரண்டாவதற்கும் பழைய எம்டி5ஐயே போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் 16 எழுத்துக்குள் நின்றால் குட்டு வெளிப்படாது. எழுத்துகளைக் கணினி பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்தோ குறியோ ஒவ்வொன்றும் 3 பைட். கண்ணுக்கு நாலெழுத்தான ‘கல்லடி’ கணினிக்கு 18.

அப்படியானால் சோதனைகள் எப்படிப் பாஸாயின? தங்கள் பிழையான சூத்திரத்தால் மறைத்து, அதே சூத்திரத்தால் திறந்து, ‘சரி’ என்று எழுதியிருந்தார்கள். மாணவனே விடைத்தாளைத் திருத்திய கதை.

இதையாவது மன்னிக்கலாம். சேர்வரின் பதிலில் குறியீடு 2 என்றால் அனுமதி, 3 என்றால் மறுப்பு. பதிலோடு வரும் கையொப்பத்தை இரகசியச் சொல்லால் சரிபார்த்த பிறகே அதை நம்ப வேண்டும். சேர்வரை நிறுத்திவிட்டு, அதன் முகவரியில் என் மடிக்கணினியை வைத்தேன். எதற்கும் 2 என்று பதில் சொல்லும் சின்ன நிரல் ஒன்றுதான் அதில் இருந்தது. இரகசியச் சொல் இல்லை. ‘அஆஇ’ என்று தட்டினேன். இணையம் திறந்துகொண்டது.

2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் தாக்குதல், கையொப்பத்தைச் சரிபார்க்கும் மென்பொருளையே எம்டி5இன் பலவீனத்தால் ஏமாற்றுகிறது. அதைத் தடுக்க, ‘மெசேஜ் ஆத்தென்டிகேட்டர்’ என்ற 80ஆம் இலக்கப் பண்பை (செய்தியோடு போகும் இன்னொரு சரிபார்ப்புக் குறியை) சேர்த்து, பதிலிலும் கட்டாயமாக்க வேண்டும். இதைக் கேட்டபோது, “அது பெரிய கம்பனிகளுக்கு அண்ணன்” என்றார்கள். பூட்டே இல்லாத கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டது என் பிழைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் லைப்ரரி என்ற சொல்லே இல்லை; ‘கணினிச் சேவை’ என்று மட்டும் இருக்கிறது.

அந்த லைப்ரரி உங்களிடம் இருந்தால், சோதனைக் கோப்பைத் திறந்து பாருங்கள். கடவுச்சொற்கள் எல்லாம் எட்டு எழுத்துக்குள்தான் இருக்கும். கல்லடியிலும் அறுகம்பேயிலும் கழற்றிவிட்டேன். பாசிக்குடாவில் இரண்டு விடுதிகள் மிச்சம். இதை எழுதும் முன் அக்காவிடம் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். புதியது இன்னும் நீளம், அதுவும் தமிழில்தான்.